ஆறும் மரமும் வளர்த்த ஊர்: பீற்றர்பரோவைத் தெரிந்து கொள்ளுங்கோ



"ரொறன்ரோவில வாடகை குடுத்துக் கட்டாது. வெளியில ஒரு சின்ன ஊருக்குப் போனால் என்ன?"

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. சிலர் ஷெல்ரரில் இருந்தபடி கேட்கிறார்கள். சிலர் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்றில் நாலைந்து பேரோடு இருந்து கொண்டு கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் "போங்கோ" என்றோ "போகாதேங்கோ" என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் நிலைமை வேறு. உங்களுடைய கேஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் வேறு.

ஆகவே இந்த இதழில் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். அது எப்படி உண்டானது, எதை நம்பி வாழ்ந்தது, இப்போது எதை நம்பி வாழ்கிறது என்று பார்ப்போம். ஒரு ஊர் எதனால் சாப்பிடுகிறது என்று தெரிந்தால், அங்கே நீங்கள் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கணக்குப் பார்க்கலாம். கடைசியில், வீடு மாற முதல் கட்டாயம் செய்ய வேண்டிய காரியங்களைத் தந்திருக்கிறேன். அவசரமாக வாசிக்கிறவர்கள் அந்தப் பகுதியையாவது வாசியுங்கோ.

ஊர் எங்கே இருக்கிறது?

பீற்றர்பரோ, ரொறன்ரோவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. காரில் ஒன்றரை மணித்தியாலம். கார் இல்லாதவர்கள் யூனியன் ஸ்ரேசனில் இருந்து கோ ரெயிலில் ஒஷாவா வரை போய், அங்கே 88 ஆம் இலக்க கோ பஸ்ஸில் மாற வேண்டும். இதற்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நேரடிப் பயணிகள் ரெயில் 1990 இல் நின்று போனது. ரொறன்ரோவில் இருந்து கியூபெக் நகரம் வரை அதிவேக ரெயில் போடப் போவதாக மத்திய அரசு 2025 பெப்ரவரியில் அறிவித்தது. அதில் பீற்றர்பரோவும் ஒரு தரிப்பிடம். ஆனால் அது வர இன்னும் பல வருடம் செல்லும். அதை நம்பி இப்போது வீடு பார்க்க வேண்டாம்.

2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நகரத்தின் சனத்தொகை 83,651. ரொறன்ரோவில் 27 இலட்சத்துக்கு மேல். இதிலேயே வித்தியாசம் விளங்கும்.

நகரத்தின் நடுவால் ஒட்டனபி ஆறு ஓடுகிறது. ஆறு வேகமாக இறங்கி வந்து, நகருக்குள் ஒரு சின்ன ஏரியாக விரிகிறது. அந்த வேகம்தான் இந்த ஊரின் கதை முழுவதுக்கும் காரணம்.

அங்கே முதலில் இருந்தவர்கள்

அந்த இடத்துக்குப் பழைய பெயர் நோகோஜிவனோங். அனிஷினாபே மொழியில், நீர் பாய்ந்து இறங்கும் இடத்தின் அடி என்று கருத்து. மிசிசாகா அனிஷினாபே மக்களின் நிலம் அது. 1818 இல் 20 ஆம் இலக்க ஒப்பந்தத்தின் மூலம் பிரித்தானிய ஆட்சி அந்தப் பெருநிலத்தை எடுத்துக்கொண்டது. பின்னர் 1923 இல் செய்த வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் அவர்களுடைய வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் பறித்தன. கோர்ட்டிலும் பேச்சிலும் பல்லாண்டு போன பிறகு, 2018 இல்தான் கனடாவும் ஒன்ராறியோவும் ஏழு முதற்குடிச் சமூகங்களோடு 110 கோடி டொலர் இணக்கத்துக்கு வந்தன. மத்திய அரசு மன்னிப்பும் கேட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? நிலம் பறிபோவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாங்கள் பாதுகாப்புத் தேடி வந்த இந்த நாட்டிலும் அப்படி இழந்தவர்கள் இருக்கிறார்கள். கர்வ் லேக், ஹையவாதா என்ற இரண்டு முதற்குடிச் சமூகங்கள் இன்றும் பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில்தான் வாழ்கின்றன.

பங்கீட்டுச் சாப்பாட்டோடு வந்த 2,000 பேர்

1820 அளவில் அடம் ஸ்கொட் என்பவர் ஆற்றோரத்தில் ஒரு சின்ன மரம் அரியும் ஆலையும் மா அரைக்கும் ஆலையும் போட்டார். ஊர் என்று சொல்ல அப்போது வேறு ஒன்றும் இல்லை.

1825 இல் நிலைமை மாறியது. அயர்லாந்தின் தெற்குப் பகுதியில் பசியும் நிலத் தகராறும் கலவரமும். அங்கிருந்த ஏழைக் குடும்பங்களைக் கனடாவுக்கு அனுப்ப பிரித்தானிய அரசு ஒரு திட்டம் போட்டது. கோர்க் துறைமுகத்தில் இருந்து ஒன்பது கப்பல்களில் ஏறத்தாழ 2,000 பேர் வந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்து குடியேற்றிய அதிகாரி பீற்றர் றொபின்சன். அவருடைய பெயர்தான் ஊருக்கு வந்தது.

வந்தவர்கள் முதலில் கிங்ஸ்ரனில் கூடாரத்தில் இருந்தார்கள். காய்ச்சல் வந்து பலர் செத்தார்கள். மிஞ்சினவர்களைப் படகிலும் வண்டியிலும் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டு போனார்கள். குடும்பத்துக்கு 100 ஏக்கர் காடு, ஒரு மரக்கொட்டில், கோடரி, விதை உருளைக்கிழங்கு. முதல் ஒன்றரை வருடத்துக்கு மாவும் உப்புப் போட்ட பன்றி இறைச்சியும் பங்கீடாகக் கொடுத்தார்கள். நிவாரணக் கியூவில் நின்ற எங்கட ஆக்களுக்கு இது புதுக் கதை இல்லை. "அரசாங்கத்தின்ர காசில சும்மா இருந்து சாப்பிடுகினம்" என்று அந்தக் காலத்திலும் சிலர் முணுமுணுத்தார்கள். இன்று அதே குடும்பங்களின் சந்ததி, எங்கட மூதாதையர் றொபின்சனோடு வந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லுகிறது.

வெல்ஃபெயர் எடுப்பதை நினைத்துக் கூனிக் குறுகுகிறவர்கள் இதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கோ.

மரக் காலம்

வன்னிப் பக்கத்து ஆக்களுக்குப் பாலை, முதிரை என்றால் என்ன பெறுமதி என்று தெரியும். இங்கே அந்த இடம் வெள்ளைப் பைன் மரத்துக்கு. நெடுநெடு என்று வளரும், நேராக இருக்கும், பாரம் குறைவு, தண்ணீரில் மிதக்கும். பிரித்தானியாவின் கப்பல்களுக்கும் கட்டடங்களுக்கும் அது தேவைப்பட்டது. பிறகு 1850களில் இருந்து, வளர்ந்து கொண்டிருந்த அமெரிக்க நகரங்கள் பலகையாக வாங்கத் தொடங்கின.

வேலை பருவத்தோடு ஓடியது. மாரியில் ஆண்கள் காட்டுக்குள் வாடி போட்டுத் தங்கி மரம் தறிப்பார்கள். தறித்த மரத்தைக் குதிரையும் மாடும் உறைபனிக்கு மேலால் ஆற்றங்கரைக்கு இழுக்கும். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது மரங்களை ஆற்றில் தள்ளுவார்கள். மிதக்கும் மரங்களுக்கு மேல் நின்று, நீண்ட கம்பால் தள்ளி, சிக்கினதை விடுவித்துக் கொண்டு போவார்கள். கால் வழுக்கினால் ஆள் தப்புவது அரிது. ஒட்டனபி ஆற்றோரத்து ஆலைகளில் அரிந்த பலகை ரெயிலில் ஒன்ராறியோ ஏரித் துறைமுகங்களுக்குப் போனது.

அந்த ரெயில் பாதைகளில் ஒன்றின் கதை சுவையானது. கோபேர்க் துறைமுகத்தில் இருந்து பீற்றர்பரோவுக்கு 1854 இல் பாதை போட்டார்கள். வழியில் றைஸ் ஏரி. அதற்குக் குறுக்கே நீண்ட மரப்பாலம் கட்டினார்கள். மாரியில் ஏரி உறைந்து, பனிக்கட்டி பாலத்தின் கால்களைத் தள்ளி நெரித்தது. 1860 இல் இளவரசர் எட்வேர்ட் வந்தபோது அவரை அந்தப் பாலத்தில் ஏற்றப் பயந்து, படகில் ஏரியைக் கடக்க வைத்தார்கள். அதன்பின் பாலமும் கைவிடப்பட்டது. கனடாவின் குளிரைக் கணக்கில் எடுக்காத திட்டம் எதுவும் நிலைக்காது. இது எங்களுக்கும் பொருந்தும்.

19 ஆம் நூற்றாண்டு முடிகிறபோது பெரிய பைன் காடுகள் முடிந்து போயின. மரத்தை நம்பின ஊர் இனி என்ன செய்வது?

மரம் முடிந்தது, ஆறு நின்றது

மரம் போனாலும் ஆற்றின் வேகம் போகவில்லை. அந்த வேகத்தில் மின்சாரம் எடுக்கலாம் என்று கண்டார்கள். 1884 இலேயே தெருவில் மின்விளக்கு எரிந்தது. "மின்சார நகரம்" என்ற பட்டப் பெயரும் வந்தது. மலிவான மின்சாரத்தைத் தேடித் தொழிற்சாலைகள் வந்தன. 1890களின் தொடக்கத்தில் ஜெனரல் இலெக்ரிக், 1900களின் தொடக்கத்தில் குவேக்கர் ஓட்ஸ், பிறகு மணிக்கூட்டுத் தொழிற்சாலை, படகு மோட்டார்த் தொழிற்சாலை. மர வேலை தெரிந்த கைகள் கனூ செய்தன. பீற்றர்பரோ கனூ என்றால் உலகத்துக்கே தெரிந்த பொருளாக இருந்தது. அந்தக் கொம்பனி 1961 இல் மூடப்பட்டாலும், 600க்கு மேற்பட்ட கனூக்களும் படகுகளும் உள்ள கனடிய கனூ அருங்காட்சியகம் 2024 இல் ஏரிக்கரையில் புதுக் கட்டடத்துக்கு மாறியது.

1904 இல் திறந்த லிஃப்ற் லொக்கையும் சொல்ல வேண்டும். படகுகளை ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்துக்குத் தூக்கும் அமைப்பு அது. தராசு மாதிரி இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள். மேலே நிற்கும் தொட்டிக்குள் கொஞ்சம் கூடத் தண்ணீர் விட்டால், அது பாரத்தால் கீழே இறங்கும், மற்றது தானாக மேலே வரும். தண்ணீரின் பாரமே தூக்குகிற வேலையைச் செய்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போய்க் காட்டுங்கோ, விஞ்ஞானப் பாடம் ஒன்று சும்மா கிடைக்கும். ஆனால் ஒன்று: மரமும் தானியமும் ஏற்றுவதற்கென்று யோசித்த அந்த 386 கிலோமீற்றர் நீர்வழி முழுவதும் கட்டி முடிய 1920 ஆனது. அதற்குள் மரக் காலம் முடிந்து, சரக்கு ரெயிலுக்குப் போய்விட்டது. இப்போது அதில் போவது உல்லாசப் படகுகள்.

தொழிற்சாலைக் காலத்துக்கும் விலை இருந்தது. 1916 டிசம்பரில் குவேக்கர் ஆலையில் வெடிப்பும் தீயும் ஏற்பட்டு இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஜெனரல் இலெக்ரிக் தொழிற்சாலையில் இரசாயனங்களோடு வேலை செய்த பலர் பிற்காலத்தில் புற்றுநோய் போன்ற நோய்களுக்கு ஆளாகி, நட்டஈட்டுக்காக நீண்ட காலம் போராடினார்கள். கடைசியில், ஏறத்தாழ 125 வருடம் ஓடிய அந்த உற்பத்தியை நிறுத்துவதாக 2017 இல் கொம்பனி அறிவித்தது, 2018 இல் நிறுத்தியது.

காங்கேசன்துறைக்குச் சீமெந்து, பரந்தனுக்கு இரசாயனம், வாழைச்சேனைக்குக் காகிதம் என்று ஒரு தொழிற்சாலையைச் சுற்றி ஊர் வாழ்வதை நாங்கள் கண்டவர்கள். அங்கே பாதியை யுத்தம் மூடியது. இங்கே வியாபாரக் கணக்கு மூடியது. வேலை இழந்த குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது அங்கே என்ன வேலை?

இன்றைக்குப் பீற்றர்பரோவின் பெரிய வேலைகள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், 1964 இல் தொடங்கிய ட்ரென்ற் பல்கலைக்கழகம், 1967 இல் தொடங்கிய ஃபிளெமிங் கல்லூரி, நகராட்சி ஆகிய இடங்களில் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குக் கனடாச் சான்றிதழும் நல்ல ஆங்கிலமும் வேண்டும். வந்த புதிதில் கிடைக்கக் கூடியவை முதியோர் பராமரிப்பு இல்லங்கள், துப்புரவு, உணவகச் சமையலறை, கடை, சிறு தொழிற்சாலைகள், கோடையில் தோட்ட வேலை, கட்டட வேலை. எண்ணிக்கையில் ரொறன்ரோவை விடக் குறைவு. "தெரிந்த ஆள் மூலம்" வேலை எடுக்கிற வசதியும் அங்கே எங்களுக்குக் குறைவு.

கல்லூரியும் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். சர்வதேச மாணவர் விதிகள் மாறியதோடு, ஃபிளெமிங் கல்லூரி 2024 இல் 29 பாடநெறிகளை நிறுத்தியது. மரத்துக்கு நடந்தது தொழிற்சாலைக்கும் நடந்தது, இப்போது கல்லூரியையும் தொடுகிறது. சின்ன ஊரில் ஒரு பெரிய இடம் தும்மினால் முழு ஊருக்கும் தடிமன் பிடிக்கும். ஆகவே ஒரு ஊருக்குப் போக முதல், "இங்கே யார் ஆள் எடுக்கினம்?" என்பதோடு "ஐந்து வருடத்துக்கு முதல் யார் எடுத்தவை, ஏன் விட்டவை?" என்றும் கேளுங்கோ.

எங்கே வேலை செய்தாலும் இது உங்கள் உரிமை: பாதுகாப்பில்லாத வேலையைச் செய்ய மறுக்க ஒன்ராறியோ சட்டம் அனுமதிக்கிறது. வேலையில் காயப்பட்டால் அதை மறைக்காமல் உடனே முதலாளிக்கும் டொக்டருக்கும் சொல்லுங்கோ. அகதிக் கோரிக்கையாளர் என்பதால் இந்த உரிமைகள் குறையாது.

சனம் எப்படி?

நான் அடிக்கடி கேட்கிற பயம் இது: "வெள்ளைக்காரர் மட்டும் இருக்கிற ஊரில எங்களை எப்படிப் பார்ப்பினம்?" மறைக்காமல் சொல்கிறேன். 2015 நவம்பரில், பாரிஸ் தாக்குதல் நடந்த அடுத்த நாள், பீற்றர்பரோவின் ஒரே பள்ளிவாசலான மஸ்ஜித் அல்-சலாமுக்கு யாரோ தீ வைத்தார்கள். அதே ஊர் ஒரு சில நாட்களில் 1,10,000 டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. திருத்த வேலைக்குத் தேவைப்பட்டதை விட அது கூட. திருத்தி முடியும் வரை, பெத் இஸ்ரேல் என்ற யூதர்களின் ஆலயம் முஸ்லிம்களுக்குத் தொழ இடம் கொடுத்தது.

இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

ஸ்காபரோவில் போல வரிசையாகத் தமிழ்க் கடை, தமிழ் டொக்டர், தமிழ் லோயர், நினைத்தவுடன் கோயில் என்று அங்கே இல்லை. ஆங்கிலம் கெதியாகப் பிடிபடும் என்பது இதன் நல்ல பக்கம். மாரியில் அஞ்சு மணிக்கு இருட்டிய பிறகு கதைக்க ஆள் இல்லாமல் இருப்பது மற்றப் பக்கம். யுத்தத்தின் காயம் மனதில் இருக்கிறவர்கள், தனியாளாக வந்தவர்கள், இந்த இரண்டாவதை நன்றாக யோசியுங்கோ. புதிதாக வந்தோருக்கு உதவ நியூ கனேடியன்ஸ் சென்ரர் என்ற அமைப்பு அங்கே இருக்கிறது. உங்கள் நிலையில் உள்ளவருக்கு என்னென்ன சேவை தருவார்கள் என்று போக முதலே போன் பண்ணிக் கேளுங்கோ. மத்திய அரசின் காசில் நடக்கும் சில வகுப்புகள் கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் கிடைக்கும்.

வீடும் தண்ணீரும்

வாடகை ரொறன்ரோவை விடக் குறைவு, ஆனால் நினைக்கிற அளவு மலிவு இல்லை. காலியான வீடுகளும் குறைவு. வீடில்லாதோர் பிரச்சினை அங்கேயும் இருக்கிறது. 2023 இல் நகராட்சி வீடற்றவர்களுக்காக 50 சிறு குடில்களை அமைக்க வேண்டி வந்தது. ஆகவே வீடு பிடிக்காமல், "போய்ப் பார்ப்பம்" என்று பெட்டியோடு இறங்க வேண்டாம்.

இன்னொன்று. இது ஆற்றுப் பள்ளத்தாக்கு ஊர். 2004 ஜூலையில் பெய்த பெருமழையில் நகர மையமே வெள்ளத்தில் மூழ்கியது, அவசரகால நிலை அறிவித்தார்கள். பேஸ்மன்ற் வீடு பார்க்கிறபோது முன்னர் தண்ணீர் வந்ததா என்று கேளுங்கோ. சுவரின் அடியையும் பாருங்கோ.

வீடு மாற முதல் செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் லோயரோடு கதையுங்கோ. சட்ட உதவிச் சான்றிதழ் உள்ளவர்கள், தூரம் போனால் அதே லோயர் தொடர்வாரா என்று கேளுங்கோ.

2. விலாசம் மாறினால் உடனே அகதிகள் சபைக்கும், குடிவரவுத் திணைக்களத்துக்கும், எல்லைச் சேவைகள் முகவரகத்துக்கும், லோயருக்கும் அறிவியுங்கோ. ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போகும் என்று நினைக்க வேண்டாம். விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், நீங்கள் தோன்றாமல் விட்டால், கோரிக்கையைக் கைவிட்டதாக முடிவு செய்யலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கோ.

3. எல்லைச் சேவை அதிகாரிகளிடம் குறித்த நாளில் போய்க் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு இருந்தால், எந்த அலுவலகம், எப்படிப் போவது என்று முதலே தீர்த்துக் கொள்ளுங்கோ.

4. இப்போது பெரும்பாலான விசாரணைகள் வீடியோ மூலம் நடக்கின்றன. போகிற வீட்டில் நல்ல இன்ரநெற்றும், கதவு சாத்தக் கூடிய அமைதியான அறையும் இருக்குமா?

5. வெல்ஃபெயர் எடுப்பவர்கள், மாற முதல் உங்கள் உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கோ. கோப்பு அடுத்த நகராட்சிக்கு மாற வேண்டும். சொல்லாமல் போனால் காசு இடையில் நின்று போகும்.

6. இடைக்கால மருத்துவக் காப்புறுதியை ஏற்கிற டொக்டர், மருந்துக் கடை எவை என்று கேட்டு வையுங்கோ.

7. பிள்ளைகளின் பள்ளிக்கூடம்: குடிவரவு நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டம் சொல்கிறது. முடிந்தால் வகுப்பு நடுவில் இழுக்காமல், தவணை முடிய மாறுங்கோ.

8. வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை முற்பணமாகக் கேட்கலாம். "உடைவு சேதத்துக்கு" என்று தனியாகக் காசு கேட்க ஒன்ராறியோவில் சட்டம் இல்லை. வீட்டை நேரில் பாராமல் காசு அனுப்பவே வேண்டாம்.

9. ஒரு தரமாவது பஸ்ஸில் போய், ஒரு சாதாரண வேலை நாளில் அந்த ஊரில் நின்று பாருங்கோ. கோடையில் ஏரி வடிவாகத் தெரியும். முடிந்தால் ஜனவரியிலும் பாருங்கோ. அங்கே ரொறன்ரோவை விடக் குளிர் கூட.

எங்கே என்ன உதவி உண்டு என்று தெரியாவிட்டால் 211 இலக்கத்துக்கு எடுங்கோ. தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், காசு இல்லை.

பீற்றர்பரோ உங்களுக்குச் சரியான ஊரா என்று நான் முடிவு சொல்ல ஏலாது. பிள்ளைகளோடு வந்த, கோரிக்கை ஏற்கப்பட்ட ஒரு குடும்பத்துக்கு அது நல்ல ஊராக இருக்கலாம். விசாரணைக்குக் காத்திருக்கும் தனி ஆளுக்கு, கொஞ்ச நாள் ரொறன்ரோவில் பல்லைக் கடித்துக் கொண்டு இருப்பது புத்தியாக இருக்கலாம். இந்தக் கட்டுரையை வைத்துக் கொண்டு உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கோ. கடிதங்களையும் குடிவரவுப் பத்திரங்களையும் எடுத்துக் கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தால், விலாச மாற்றப் படிவங்களை இருந்து நிரப்பித் தருவோம்.